குறித்து வைத்தால் என்ன மாறுகிறது?

வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் மாதச் சம்பளக்காரர்கள் பலருக்கும் ஒரே புதிர் வருகிறது. வாடகை, ஈஎம்ஐ, ஊருக்கு அனுப்பிய பணம், சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் மனக்கணக்காகக் கூட்டினால் சம்பளத்தில் ஒரு கணிசமான தொகை மிஞ்ச வேண்டும். ஆனால் 20-ஆம் தேதி வாக்கில் கணக்கில் சில நூறு ரூபாய்தான் இருக்கிறது. பெரிதாக எதையும் வாங்கியதாக நினைவில்லை. உணவிலும் இதே கதைதான். குறைவாகத்தான் சாப்பிடுகிறோம் என்று உறுதியாக நம்புகிறவருக்கு எடை கூடிக்கொண்டே போகிறது. திங்கட்கிழமை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட வேலை வியாழன் வரை இழுக்கிறது. தினமும் நடக்கிறோம் என்று சொல்பவருக்கு இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

பணம், உணவு, வேலை நேரம், உடற்பயிற்சி ஆகிய நான்குக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. நான்கும் மிகச் சிறிய நிகழ்வுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து உருவாகும் மொத்தங்கள். ஒரு டீ, ஒரு ஆட்டோ, ஒரு பஜ்ஜி, பத்து நிமிடக் கைபேசி. மனித நினைவு நிகழ்வுகளைச் சேமிக்கிறதே தவிர மொத்தங்களைச் சேமிப்பதில்லை. திருமண விருந்து நினைவிருக்கும். அதற்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கு என்ன தின்றோம் என்பது நினைவிருக்காது. எனவே மொத்தம் என்ன என்று கேட்டால் மனம் கூட்டிச் சொல்வதில்லை, ஊகித்துச் சொல்கிறது. அந்த ஊகம் எவ்வளவு தவறாகப் போகும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் நான்கு துறைகளிலும் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள்.

பணத்திலிருந்து தொடங்கலாம். குடும்பங்களின் செலவை நினைவிலிருந்து கேட்டுப் பதிவு செய்வதில் இந்தியாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. தேசிய மாதிரி ஆய்வு என்ற பெயரில் 1950-இல் தொடங்கிய கணக்கெடுப்பில், கடந்த எத்தனை நாட்களின் செலவைக் கேட்பது என்ற கேள்வி ஆரம்பத்திலேயே எழுந்தது. இந்தக் கால அளவை நினைவுகூரல் காலம் எனலாம். புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிஸின் குழு 1950-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தது. சில குடும்பங்களிடம் அரிசி, பருப்பு போன்றவற்றுக்கு ஒரு வார நுகர்வையும் ஒரு மாத நுகர்வையும் கேட்டார்கள். உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதை எடை போட்டும் பார்த்தார்கள். மாதக் கணக்கைக் கேட்ட பதிலே எடைக்கு அருகில் வந்தது. அதனால் 30 நாள் என்ற அளவு பல பத்தாண்டுகளுக்கு நிலைத்தது.

1994-க்கும் 1998-க்கும் இடையில் நடந்த சுற்றுகளில் மீண்டும் ஒரு சோதனை செய்யப்பட்டது. குடும்பங்களில் ஒரு பகுதியினரிடம் பழைய 30 நாள் கேள்வி கேட்கப்பட்டது. மற்றவர்களிடம் உணவுக்கு 7 நாள் கணக்கும், துணிமணி, படிப்பு, வீட்டுச் சாமான் போன்ற எப்போதாவது வரும் செலவுகளுக்கு 365 நாள் கணக்கும் கேட்கப்பட்டன. இரண்டாம் முறையில் செலவு கணிசமாக உயர்ந்தது. கேள்வித்தாளை மாற்றியதால் மட்டுமே நாட்டின் வறுமை விகிதம் ஏறக்குறையப் பாதியாகத் தெரிந்தது. மக்களின் தட்டில் ஒரு பிடி சோறுகூடக் கூடவில்லை. 1999-2000 சுற்றின் வறுமைப் புள்ளிவிவரம் குறித்துப் பொருளியலாளர்களிடையே நடந்த நீண்ட விவாதத்துக்கு நினைவுகூரல் காலமே மையமாக இருந்தது. கோடிக்கணக்கான மனிதர்கள் ஏழைகளா இல்லையா என்ற கணக்கே நினைவின் இயல்பைப் பொறுத்து அசைகிறது என்றால், ஒரு தனி மனிதரின் மாதக் கணக்கு அசைவதில் வியப்பில்லை.

இங்கே இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசைகளில் வேலை செய்கின்றன. ஒன்று மறதி. காலம் நீளும்போது சிறு செலவுகள் உதிர்ந்துவிடும். மற்றொன்று, முன்பு நடந்ததை அண்மையில் நடந்ததாக எண்ணுவது. பத்து நாளுக்கு முன் வாங்கிய எண்ணெய் ‘போன வாரம்தான்’ வாங்கியதாகத் தோன்றும். தொலைநோக்கி தூரத்துப் பொருளை அருகில் காட்டுவதால் இதற்குத் தொலைநோக்கிப் பிழை என்று பெயர். காலம் நீண்டால் மறதி கூடுகிறது. குறுகினால் தொலைநோக்கிப் பிழை கூடுகிறது. இரண்டையும் ஒருசேரத் தவிர்க்கும் நினைவுகூரல் காலம் எதுவும் இல்லை. நிகழ்ந்த அன்றே எழுதிவைப்பது ஒன்றுதான் இரண்டிலிருந்தும் தப்பும் வழி.

உணவில் பிழையை அளப்பது இதைவிடக் கடினம். ஒருவர் உண்மையில் எவ்வளவு ஆற்றல் உட்கொண்டார் என்பதை, அவரைக் கூண்டில் அடைத்துக் கண்காணிக்காமல் எப்படி அறிவது? இதற்குக் கிடைத்த விடை நவீன உடலியலின் மிக அழகான முறைகளுள் ஒன்று. அதனால் சற்று நின்று பார்க்கத் தக்கது.

உடல் ஆற்றலைச் செலவிடும்போது கரியமில வாயுவை வெளிவிடுகிறது. ஒரு வார காலத்தில் வெளிவந்த கரியமில வாயுவின் அளவு தெரிந்தால் செலவான ஆற்றல் தெரிந்துவிடும். உடல் எடை மாறாமல் இருந்தால் செலவான ஆற்றலும் உண்ட ஆற்றலும் சமம். எனவே கரியமில வாயுவை அளந்தால் சாப்பாட்டை அளந்ததாகிவிடும். அதை அளக்க, சாதாரண நீரிலிருந்து எடையில் மட்டும் வேறுபட்ட ஒரு நீரை ஒருவருக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அதில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டிரியம் என்ற கனமான ஹைட்ரஜனும், வழக்கமான ஆக்சிஜனுக்குப் பதிலாக ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜனும் இருக்கும். இரண்டும் கதிரியக்கம் அற்றவை, தீங்கு செய்யாதவை. இதை இரட்டை அடையாள நீர் எனலாம்.

ஒரு கல்யாண மண்டபத்துக்கு இரண்டு வாசல்கள். சிவப்புச் சீட்டு வைத்திருப்பவர்கள் முன்வாசல் வழியாக மட்டுமே வெளியேறலாம். நீலச் சீட்டு வைத்திருப்பவர்கள் முன்வாசல், பின்வாசல் இரண்டின் வழியாகவும் வெளியேறலாம். பின்வாசலில் காவலுக்கு ஆள் நிற்கவே வேண்டியதில்லை. மண்டபத்துக்குள் மிஞ்சியிருக்கும் சிவப்புச் சீட்டுகளையும் நீலச் சீட்டுகளையும் அவ்வப்போது எண்ணினால் போதும். நீலம் எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ அந்த வேகத்திலிருந்து சிவப்பு குறையும் வேகத்தைக் கழித்தால், பின்வாசல் வழியாகப் போனவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். உடலில் டியூட்டிரியம் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் என நீராக மட்டுமே வெளியேறும், அதுதான் சிவப்பு. ஆக்சிஜன்-18 நீராகவும் வெளியேறும், கரியமில வாயுவிலும் கலந்து வெளியேறும், அது நீலம். ஒன்றிரண்டு வாரங்களுக்குச் சிறுநீர் மாதிரிகளை எடுத்து, நிறை நிறமாலைமானி என்ற கருவியில் இந்த இரண்டும் குறையும் வேகத்தைப் பார்த்தால் கரியமில வாயுவின் அளவு கிடைக்கும். அந்த நபர் வழக்கம்போல அலுவலகம் போய், சாப்பிட்டு, தூங்கிக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்சன் குழு 1955-இல் இதை எலிகளில் செய்து காட்டியது. ஆக்சிஜன்-18 அப்போது மிக விலை உயர்ந்தது. மனிதனின் உடலில் உள்ள நீருக்கு ஏற்ற அளவு வாங்குவது நினைத்துப் பார்க்க முடியாத செலவு. கருவிகள் நுட்பமாகி, மிகக் குறைந்த அளவையும் கண்டறிய முடிந்த பிறகு, 1982-இல் டேல் ஷோல்லர் மனிதர்களிடம் இந்த முறையைப் பயன்படுத்தினார். அதன் பிறகு, சாப்பிட்டதாகச் சொல்வதற்கும் சாப்பிட்டதற்கும் உள்ள இடைவெளி வெளிச்சத்துக்கு வந்தது.

நியூயார்க்கில் நடந்து 1992-இல் வெளியான ஓர் ஆய்வு இதில் புகழ்பெற்றது. நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகவே உண்பதாகவும், அப்படியும் எடை குறையவில்லை என்றும் சொன்ன பத்துப் பேரை ஆராய்ந்தார்கள். அவர்களின் உடல் மெதுவாக ஆற்றல் செலவிடுகிறதா என்பது முதல் கேள்வி. இல்லை, அது இயல்பாகவே இருந்தது. உண்ட உணவைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் அவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று யாரும் முடிவுகட்டவில்லை, அப்படி முடிவுகட்டுவது தவறும்கூட. தங்கள் சொல்லை அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். தமிழ்நாட்டுச் சமையலறையில் இது எப்படி நடக்கும் என்று ஊகிப்பது எளிது. இரண்டு தோசை கணக்கில் வரும், கல்லில் ஊற்றிய எண்ணெய் வராது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. ஆக ஒரு கரண்டியே 120 கலோரிக்கு மேல். அது சுமார் 35 கிராம் அரிசியின் ஆற்றலுக்குச் சமம். சட்னிக்குத் தாளித்தது, டீயில் விழுந்த சர்க்கரை, நண்பர் தட்டிலிருந்து எடுத்த இரண்டு வாய் எல்லாம் இந்த வகையில் சேரும்.

வேலை நேரத்திலும் இதே போக்கு தெரிகிறது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள் என்று நேரடியாகக் கேட்டுப் பெறும் எண்ணையும், அன்றன்று எழுதிய நேரக் குறிப்பேட்டிலிருந்து கூட்டிய எண்ணையும் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜான் ராபின்சன் பல ஆண்டுகள் ஒப்பிட்டார். மிக நீண்ட நேரம் உழைப்பதாகச் சொன்னவர்களிடம்தான் இடைவெளி அதிகமாக இருந்தது. இந்தியா 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இதனால்தான் மொத்தத்தைக் கேட்கவில்லை. முதல் நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரையிலான 24 மணி நேரத்தை அரை மணி நேரத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தார்கள் என்று ஏறத்தாழ நாலரை லட்சம் பேரிடம் விவரம் பெற்றது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள் என்ற எண்கள் அப்படித் துண்டு துண்டாகக் கூட்டியதால் கிடைத்தவை. ஊதியம் இல்லாத உழைப்பு, செய்பவரின் நினைவிலேயே உழைப்பாகப் பதிவதில்லை. அதைக் கண்ணுக்குக் கொண்டுவரக் குறிப்பேடு தேவைப்பட்டது.

கடந்த நேரத்தைத் தவறாகக் கணிப்பவர்கள் வரும் நேரத்தையும் தவறாகவே கணிப்பார்கள். இதைத் திட்டமிடல் மயக்கம் என்று டேனியல் கானமானும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கினார்கள். 1994-இல் ரோஜர் புயூலர் குழு வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மிக மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாள். அதே ஆய்வுத் தொடரில் இன்னொன்றும் தெரியவந்தது. முன்பு இதுபோன்ற வேலைகளுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதை நினைவுபடுத்தி, அதை இப்போதைய வேலையோடு இணைத்துப் பார்க்கச் செய்தபோது கணிப்பு நிதானத்துக்கு வந்தது. பழைய வேலைகளுக்கான நேரத்தை எழுதிவைத்திருப்பவருக்கு இந்த நிதானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் குறிப்பேடு நினைவைவிடத் துல்லியமானது என்பதற்குச் சான்று. இதைவிட விந்தையான ஒன்று உண்டு. எழுதிவைக்கத் தொடங்கியதும், எழுதப்படும் செயலே மாறிவிடுகிறது. செலவை எழுதுகிறவர் செலவைக் குறைக்கிறார், அடிகளை எண்ணுகிறவர் கூடுதலாக நடக்கிறார். உளவியலாளர்கள் இதை அளவீட்டு எதிர்வினை என்பார்கள். ஆய்வாளர்களுக்கு இது தொல்லை, ஏனெனில் அளக்கப் போன பொருள் அளக்கும்போதே நழுவுகிறது. தன்னைத் திருத்திக்கொள்ள விரும்பும் ஒருவருக்கோ இதுதான் மருந்து. அந்தப் பயன்பாட்டுக்குத் தன்கண்காணிப்பு என்று பெயர்.

இந்த விளைவு பற்றிச் சொல்லப்படும் பழைய சான்று ஒன்று நம்பத்தக்கதில்லை. சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் நடந்த விளக்கொளிச் சோதனைகளில், வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் தொழிலாளர்களின் உற்பத்தி உயர்ந்தது, காரணம் அவர்கள் கவனிக்கப்பட்டார்கள் என்பதுதான் என்று பாடநூல்கள் பல தலைமுறைகளாகச் சொல்லி வந்தன. தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட அந்த மூலத் தரவுகளைத் தேடி எடுத்து ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்டும் 2011-இல் மறு ஆய்வு செய்தபோது, அந்தப் பெரிய விளைவு அதில் இல்லை. நல்ல கதை என்பதால் மட்டும் ஒரு சான்று உண்மையாகிவிடாது.

நம்பத்தக்க சான்று வேறு இடத்தில் கிடைக்கிறது. இடுப்பில் அணியும் அடியெண்ணி பற்றிய 26 ஆய்வுகளை, மொத்தம் 2,767 பேரின் தரவுகளோடு, டீனா பிரவாட்டா குழு 2007-இல் தொகுத்தது. அவற்றில் எட்டு ஆய்வுகள் குலுக்கல் முறையில் மக்களை இரு குழுவாகப் பிரித்தவை. குலுக்கல் முக்கியம். உணவுக் குறிப்பேடு எழுதியவர்கள் எழுதாதவர்களைவிட இரு மடங்கு எடை குறைந்தார்கள் என்று 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் விடாமல் எழுதும் ஒழுங்கு உள்ளவர்கள் எப்படியும் குறைந்திருப்பார்கள் என்று அதற்கு எதிராக வாதிடலாம். யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தால் அந்த வாதத்துக்கு இடமில்லை. அப்படிப்பட்ட எட்டு ஆய்வுகளிலும் சேர்த்து, அடியெண்ணி அணிந்தவர்கள் மற்றவர்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,500 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். கவனிக்க வேண்டிய விவரம்: இத்தனை அடி நடப்பது என்று இலக்கு வைத்தவர்களிடம்தான் இந்த முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. வெறும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் தெரியவில்லை. 2016-இல் பெஞ்சமின் ஹார்க்கின் குழு 138 ஆய்வுகளைத் தொகுத்து, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை அடைய உதவுகிறது என்று உறுதி செய்தது. கண்டதை எழுத்தில் பதிந்தபோதும், இன்னொருவருக்குத் தெரியப்படுத்தியபோதும் பயன் கூடியது.

ஏன் இப்படி? இன்றிருக்கும் நிலையையும் இருக்க விரும்பும் நிலையையும் மனம் ஒப்பிடுகிறது. இடைவெளி கண்ணில் பட்டால் அதைக் குறைக்க முயல்கிறது. முயற்சியின் பலனை மறுபடி பார்க்கிறது. இந்தச் சுற்றைப் பின்னூட்டச் சுற்று என்கிறோம். இலக்கு, பார்வை, செயல் மூன்றில் எது விடுபட்டாலும் சுற்று அறுந்துவிடும். எழுதுவதால் பார்வை கிடைக்கிறது. இலக்கு இல்லாத அடியெண்ணி பயன்படாமல் போனதும் இதனால்தான்.

அப்படியானால் எழுதும் வேலையைக் கருவியிடமே விட்டுவிடலாமே என்று தோன்றும். கைப்பட்டை தானாகவே எண்ணுகிறது, வங்கிச் செயலி தானாகவே கணக்கு வைக்கிறது. இந்த எண்ணத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு இளம் வயதினரிடமே நடந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜாக்கிசிச் குழு, 18 முதல் 35 வயது வரையிலான, எடை மிகுந்த 471 பேருக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் ஆலோசனையும் கொடுத்தது. ஆறு மாதம் கழிந்ததும் ஒரு குழுவினர் உணவையும் பயிற்சியையும் இணையதளத்தில் தாங்களே பதிந்து வந்தார்கள். மற்றொரு குழுவினருக்கு, அசைவைத் தானாக அளக்கும் பட்டையும் அதற்கான இணையதளமும் கிடைத்தன. இரண்டு ஆண்டு முடிவில் தாங்களே பதிந்தவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள். பட்டை அணிந்தவர்கள் 3.5 கிலோதான். 2016-இல் வெளியான இந்த முடிவு பலருக்கும் அதிர்ச்சியாக இருந்தது. கருவி வீண் என்று இதற்குப் பொருளில்லை, அடியெண்ணியும் கருவிதானே. எண் தானாகச் சேர்ந்துகொண்டே இருந்தால் அதைப் பார்க்கும் வேலை கழன்றுவிடக்கூடும் என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம்.

கருவியின் எண்களை எவ்வளவு நம்பலாம்? 2017-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை அவற்றில் ஆறு 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு காட்டின. எரித்த கலோரியிலோ மிக நன்றாகச் செயல்பட்ட பட்டையின் பிழையே சராசரியாக 27 சதவீதம், மிக மோசமானதன் பிழை 93 சதவீதம். ஓடுபொறியில் 300 கலோரி எரித்ததாகக் கைப்பட்டை சொன்னதும் அதற்கு ஈடாக ஒரு பரோட்டா வாங்கிச் சாப்பிடுவது ஏன் கணக்குக்கு வராது என்பதற்கு இந்த எண்களே போதும்.

இலக்காக வைக்கப்படும் எண்ணும் வானத்திலிருந்து விழுந்ததன்று. நாளொன்றுக்கு 10,000 அடி என்பது மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த அளவு என்று பலர் நம்புகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டான 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணிக்குப் ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். எண் அங்கிருந்து பரவியது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு, சராசரி வயது 72 கொண்ட 16,741 அமெரிக்கப் பெண்களிடம் 2019-இல் கண்டது வேறு. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதமே 41 சதவீதம் குறைவு. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. இளைஞர்களுக்கு இதே எண் பொருந்தும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. மிகக் குறைவாக நடப்பவர் சற்றுக் கூட்டினாலே பெரும் பலன் பெறுகிறார் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எடையைத் தினமும் குறிப்பவர்களைக் குழப்பும் இன்னொரு சிக்கல் உண்டு. நேற்று 68.2, இன்று 69.1. ஒரு நாளில் ஒரு கிலோ கொழுப்பு சேராது. மாறியது பெரும்பாலும் நீர்தான். உப்பு கூடிய உணவு நீரைப் பிடித்துவைக்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைகோஜன் என்ற மாவுப்பொருள், ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. மாதவிடாய்ச் சுழற்சியும் எடையை ஏற்றி இறக்கும். இந்த அன்றாட ஏற்ற இறக்கத்தை நீக்கிப் போக்கை மட்டும் பார்க்க, நகரும் சராசரி உதவும். இன்று உட்பட கடந்த ஏழு நாட்களின் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, நாளை ஒரு பழைய நாளை விட்டு ஒரு புதிய நாளைச் சேர்த்து மீண்டும் வகுப்பதுதான் அது. ஏறியும் இறங்கியும் ஓடிய கோடு அமைதியாகி, திசை தெரியும். வாரச் செலவுக்கும் இதே முறை பொருந்தும். எடைப்பொறி எப்போதும் அரைக் கிலோ கூட்டியே காட்டினாலும் கவலையில்லை, பிழை மாறாமல் இருக்கும்வரை போக்கு சரியாகவே தெரியும்.

பணத்துக்கு மட்டும் உரிய சில நுட்பங்கள் உண்டு. எம்ஐடியில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மேலாண்மை மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுக்கு ஏலம் கேட்கச் சொன்னார்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கடன் அட்டையில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். கையிலிருந்து நோட்டு போகும்போது எழும் சுருக்கென்ற உணர்வை ஆய்வாளர்கள் கொடுப்பின் வலி என்கிறார்கள்; அட்டை அதை மழுங்கடிக்கிறது. 2016-இல் வந்த யுபிஐ பரிமாற்றத்தில் நோட்டை எண்ணும் அந்தக் கணம் முழுவதுமாகவே மறைந்துவிட்டது. மாதாமாதம் தானாகக் கழியும் ஓடிடி சந்தாவில் பணம் கொடுக்கும் செயலே இல்லை. செலவானதும் ஒரு வரி எழுதுவது, தொழில்நுட்பம் எடுத்துப்போன அந்தக் கணத்தைத் திருப்பிக் கொண்டுவரும் முயற்சி. அந்த வரிக்கு வேறு எதிரி ஒன்றும் உண்டு: பார்க்க விரும்பாமை. ஸ்வீடன், அமெரிக்க முதலீட்டாளர்கள் சந்தை இறங்கும் காலத்தில் தங்கள் கணக்கைக் குறைவாகவே திறந்து பார்த்தார்கள் என்று நிக்லஸ் கார்ல்சன், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், டுவேன் செப்பி மூவரும் 2009-இல் காட்டினார்கள். பார்வை எப்போது மிகவும் தேவையோ அப்போதே மனம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

தன்கண்காணிப்புக்கு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஜோர்டன் எட்கின் 2016-இல் வெளியிட்ட சோதனைகளில், படம் வண்ணமிடுதல், நடத்தல், படித்தல் ஆகியவற்றை அளந்தபோது மக்கள் அதிகம் செய்தார்கள், ஆனால் குறைவாக மகிழ்ந்தார்கள். விருப்பத்துக்குச் செய்தது வேலையாகத் தோன்றத் தொடங்கியது. மாலையில் கடற்கரையில் காற்று வாங்க நடப்பவர் அந்த நடையை எண்ணாமல் விடுவதே நல்லது. உண்ணல் கோளாறு உள்ளவர்களும், ஒருகாலத்தில் இருந்தவர்களும் கலோரி எண்ணும் செயலிகளைத் தாங்களாகவே தொடங்கக் கூடாது. எண்ணுவதே நோயை வளர்க்கக்கூடும். சாப்பிட்டதை எழுதும்போது குற்றவுணர்வும் அச்சமும் வருமானால் எழுதுவதை நிறுத்திவிட்டு மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டியதும் இல்லை. எந்த ஊகம் மிகவும் தவறு என்று சந்தேகம் இருக்கிறதோ அதை மட்டும், ஒரு எளிய இலக்கோடு, நிகழ்ந்த அன்றே எழுதி, வாரத்துக்கு ஒருமுறை கூட்டிப் பார்த்தால் பின்னூட்டச் சுற்று முழுமையாகிவிடும். காகிதமா கைபேசியா என்பது பெரிதில்லை. கூட்டிப் பார்ப்பது பெரிது.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் கெட்டுவிட்டது என்று பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழு, புதிய பழக்கம் ஒன்றைத் தொடங்கிய 96 பேரை 12 வாரங்கள் தொடர்ந்து, 2010-இல் முடிவை வெளியிட்டது. பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர ஆன காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து, கணிப்பின்படி, 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.